நஷ்டப்படாத குற்றம்

லிப்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் எளிதாகப் புரியும். பெட்டியை மோட்டார்தான் தூக்குகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. கட்டடத்தின் உச்சியில் ஒரு கப்பி இருக்கிறது. அதன்மேல் எஃகுக் கயிறுகள் ஓடுகின்றன. கயிற்றின் ஒரு முனையில் நாம் நிற்கும் பெட்டி. மறுமுனையில், யார் கண்ணுக்கும் படாத இரும்புப் பாளங்களின் அடுக்கு. அதற்கு எதிர்எடை என்று பெயர். பெட்டி மேலே போனால் எதிர்எடை கீழே போகும். மோட்டாரின் வேலை, கப்பியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுழற்றிவிடுவது மட்டும்தான். யார் ஏறினாலும் யார் இறங்கினாலும் மின்கட்டணம் தவறாமல் ஏறும்.

காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் பங்கு வணிகமும் ஏறத்தாழ இப்படித்தான். ஒருவர் மேலே போக வேண்டுமானால் எங்கோ ஒருவர் கீழே போயாக வேண்டும். நடுவில் கப்பியைச் சுழற்றும் தரகு நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் கட்டணம் உண்டு. வாழ்நாளெல்லாம் லிப்ட் பழுதுபார்த்த ஒருவருக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எதிர்எடை இருக்கும் இடத்தில் ஒரு மனிதர் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்று எந்த லிப்ட்காரருக்குத்தான் தோன்றும்?

லிப்ட்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் மனைவி தையற்காரி. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, இரண்டு தையல் இயந்திரங்களையும் ஒரு வெட்டுமேசையையும் போட்டுவிட்டால் ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டிய ஓர் அறையில் அவள் கடை இருந்தது. வாடகை அறை. அறைக்காரர் அதை விற்க முடிவு செய்து, "மொதல்ல உங்களைத்தான்மா கேக்குறேன். வருஷக் கடைசி வரைக்கும் பொறுத்துக்குறேன்" என்றார். கணவனும் மனைவியும் சேர்த்துவைத்திருந்ததில் பாதி விலை தேறியது. மீதிக்கு வங்கியைக் கேட்கலாம் என்றாள் அவள். வங்கி எதற்கு, இருப்பதையே இரண்டாக்கிவிடலாம் என்றார் அவர். அவர் சட்டைப்பையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. தாம் பராமரிக்கும் லிப்ட் ஒன்றின் உட்சுவரிலிருந்து கிழித்து எடுத்தது.

'சந்தையில் வெல்ல எவ்வளவு உழைப்பு வேண்டும்? வாருங்கள், அளந்து சொல்கிறோம். அயரா உழைப்புப் பங்குச்சந்தைப் பயிற்சி நிலையம், ஏழாம் மாடி.'

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "அளக்குறாங்களா? டேப்பு வச்சா?"

"கிண்டல் பண்ணாத. விஞ்ஞானம்."

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்பவள் அவள்; பேச வேண்டுமென்றால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுத்தான் பேசுவாள். அன்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சொன்னாள். "சரி, எடுத்துக்குங்க. ஆனா இது பணம்னு நெனச்சுக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. இது என் கடை. அப்படி நெனச்சுக்கிட்டுப் போங்க."

*

கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்த நிலையத்தின் வகுப்பறை விசாலமானது. முன்சுவரில் பெரிய கரும்பலகை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் லிப்ட் ஓடும் கூண்டு. வரிசையாகக் கணினிகள்; அவரவர் சொந்தப் பணத்தைப் போட்டு அவற்றில்தான் வாங்கி விற்க வேண்டும். வாசலருகே, பள்ளிக்கூடங்களில் இருப்பதுபோல் ஒரு வெண்கல மணி. அந்த மணியின் பயனைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் இயக்குநர் பேசினார். கோட்டு அணிந்த, குரல் கனத்த மனிதர்.

"இங்க யாரும் லாபத்தைப் பத்திப் பேசக்கூடாது. லாபம் ஒரு விபத்து. வரலாம், வராமலும் போகலாம். அதுக்கு நாங்க பொறுப்பில்ல. நஷ்டமும் அப்படித்தான், அதுக்கும் நாங்க பொறுப்பில்ல. ஆனா உழைப்பு இருக்கு பாருங்க, அது முழுக்க முழுக்க உங்க பொறுப்பு. அதனால நாங்க உழைப்பை மட்டும்தான் அளக்குறோம். நீங்க ஜெயிச்சா, எங்க பயிற்சி. தோத்தா, உங்க உழைப்பு பத்தல. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்துல எங்கயாவது இருந்தா சொல்லுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள்.

உழைப்பை அவர்கள் அளந்த முறை உண்மையிலேயே நுட்பமானது. திரையில் விலை சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக ஏறி இறங்கும். அதைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும்; இமைத்தால் மதிப்பெண் குறையும். முதுகு நாற்காலியில் சாயக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளில் எத்தனை முறை வாங்கி எத்தனை முறை விற்கிறோமோ அத்தனைக்கும் மதிப்பெண். ஒரே முறை வாங்கி, காத்திருந்து, விலை ஏறியதும் விற்றவருக்கு ஒன்று. நாள் முழுக்க வாங்கி விற்று, வாங்கி விற்று, கை ஓய்ந்தவருக்குப் பத்து. கூலிக்கு மண் சுமப்பவருக்குக் கூடை கணக்குதானே, அதுபோல.

நஷ்டம் வந்தால் மணி. நஷ்டப்பட்டவர் எழுந்து போய்க் கயிற்றை ஒரு முறை இழுத்து, "சந்தை சரி, நான் தவறு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே பயிற்றுநர் கைதட்டத் தொடங்குவார். வகுப்பு மூன்று முறை தட்டி நிறுத்தும். இதன் நோக்கம், மனிதருக்குச் சந்தையின் மேல் கோபம் வராமல் பார்த்துக்கொள்வது. கோபம் வந்தால் ஆள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். வெட்கம் வந்தால் உட்கார்ந்து இன்னும் உழைப்பார்.

லிப்ட்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூகோளம் என்றே வகுப்பு அவரை அழைத்தது.

"மலை, பள்ளத்தாக்கு, பீடபூமி," என்று திரையைக் காட்டி முணுமுணுப்பார் பூகோளம். "இதையெல்லாம் போர்டுல வரைஞ்சு வரைஞ்சே என் காலம் போச்சு தம்பி. அப்ப யாரும் என்கிட்ட காசு கேக்கல."

"இமைக்காதீங்கண்ணே. பாக்குறாங்க."

பார்த்துக்கொண்டிருந்தவர் ஒழுக்க அலுவலர். ஒல்லியான மனிதர், வரிசைகளுக்கிடையே சத்தமில்லாமல் நடப்பார். லிப்ட் கம்பெனி வேலையை விடும்படி லிப்ட்காரருக்குச் சொன்னவரும் அவர்தான். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சா உழைப்பு ரெண்டாப் பிரியும் சார். கணக்கு உதைக்கும்." லிப்ட்காரர் வேலையை விட்டார். வீட்டில் 'நீண்ட விடுப்பு' என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

*

மாணவரின் உழைப்பு வீட்டில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க நிலையம் வீடுகளுக்கும் ஆள் அனுப்பியது. இல்லச் சூழல் தணிக்கை என்று அதற்குப் பெயர். ஒரு மாலையில் ஒழுக்க அலுவலர் வந்து, கூடத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். மனைவி ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

"சந்தை நேரம் முடிஞ்சப்புறம் உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்காரு?"

"செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"நல்லது. செவுத்துல என்ன பாக்குறாரு?"

"கேட்டா, கோடு தெரியுதுங்குறாரு. ஏறி எறங்குதாம். கண் டாக்டர்கிட்ட காட்டணும்னு இருக்கேன்."

ஒழுக்க அலுவலரின் முகம் மலர்ந்தது. "காட்டாதீங்க! இது முன்னேற்றம். இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் தெரிஞ்சதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும். நீங்க அடிக்கடி சிரிப்பீங்களா?"

"சிரிப்பு வந்தா சிரிப்பேன்."

"சந்தை எறங்குற நாள்ல நீங்க சிரிச்சா அவருக்கு மனசு கலையும்."

"அப்ப ஏறுற நாள்ல சிரிக்கிறேன்."

"ஏறுற நாள்ல சிரிச்சா பேராசை வந்துடும்."

"என்னிக்குத்தான் சிரிக்கிறது?"

"விடுமுறை நாள்ல," என்றார் ஒழுக்க அலுவலர், சிரிக்காமல்.

அவர் போனதும் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. தலை குனிந்து, தரையில் கிடந்த நூல்துண்டு ஒன்றைக் கால்விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சந்தை இறங்கியிருந்தது. அவள் குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதன்பின் வேலை நாட்களில் அவை அங்கேயே இருந்தன.

*

இப்போது அந்தக் குற்றம் நடந்த காலைக்கு வருவோம்.

சந்தை திறந்த கணத்திலேயே கட்டடத்து லிப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இயக்குநர். அவர் கதவைத் தட்டிக் கத்துவது ஏழாம் மாடி வகுப்பறைக்குக் கரும்பலகை வழியாகவே கேட்டது. யாரும் எழவில்லை, எழுந்தால் மதிப்பெண் போகும். லிப்ட்காரரால் உட்கார முடியவில்லை. அது அவர் பல வருடம் எண்ணெய் போட்ட லிப்ட். இமைக்காமல் இருந்த கண்ணை இமைத்து, எழுந்து, மொட்டைமாடியில் உள்ள இயந்திர அறைக்கு ஓடினார்.

நின்றுபோன லிப்டை நகர்த்துவது அழகான வேலை. முதலில் மின்சாரத்தை முழுவதும் நிறுத்த வேண்டும். பிறகு மோட்டாரின் பிரேக்கை நெம்புகோலால் மெல்லத் தளர்த்தி, கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் ஒரே ஆள்தான் என்றால் எதிர்எடையைவிடப் பெட்டி இலேசு. தளர்த்தியதும் அது மேல்நோக்கித்தான் நகரும். இயக்குநர் தம்மைக் கனமான மனிதராகக் கருதியிருந்தார். கயிறு அப்படிக் கருதவில்லை. அவர் இலேசாக மேலே எழும்பினார். ஆனால் அன்று பிரேக்கின் பட்டை தேய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவித்து, பெட்டியைக் கையளவு கையளவாக ஆறாம் மாடிக்குக் கொண்டுவந்து, கதவைச் சாவியால் திறந்து, இயக்குநரை வெளியே எடுத்து, பட்டையைச் சரிசெய்து கை கழுவியபோது மதியமாகிவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு லிப்ட்காரர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார்.

வகுப்பறையில் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. சந்தை அன்று காலை தலைகுப்புற விழுந்திருந்தது. மணிக்கு முன்னால் வரிசை நின்றது. பூகோளம் நாலாவது முறையாக வரிசையில் நின்றார். அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

"எங்கடா போன?" என்றார். "எனக்குப் பாதிக்கு மேல போயிடுச்சு. உனக்கு?"

லிப்ட்காரர் திரையைப் பார்த்தார். அவர் கணக்கு முந்தைய நாள் இருந்தபடியே இருந்தது.

"எனக்கு… ஒண்ணும் போகலண்ணே."

வரிசை திரும்பிப் பார்த்தது. அத்தனை கண்களும் இமைக்காமல் பார்த்தன. பயிற்சி பெற்ற கண்கள். லிப்ட்காரருக்குக் காது மடல் சுட்டது. பந்தியில் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் சமையற்கட்டில் தின்றுவிட்டு வந்து அகப்பட்டதுபோல் இருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றார்.

*

மறுநாள் விசாரணை. இயக்குநர், ஒழுக்க அலுவலர், கணக்கம்மா என்று அழைக்கப்பட்ட கணக்கு அலுவலர் மூவரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"சந்தை நேரத்துல உங்க நாற்காலி காலியா இருந்திருக்கு," என்றார் இயக்குநர். "எங்க போனீங்க?"

"மேல மெஷின் ரூமுக்கு சார். நீங்க லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்களே…"

"நான் எங்க இருந்தேங்குறது கேள்வி இல்ல. நீங்க எங்க இருந்தீங்க?"

"உங்களை வெளிய எடுக்கத்தான் சார்…"

"அதுக்கு நன்றி." ஒழுக்க அலுவலரிடம் திரும்பினார். "குறிச்சுக்குங்க, நன்றி சொல்லியாச்சு. இப்ப விஷயத்துக்கு வருவோம். சந்தை விழுந்தப்ப உங்க வகுப்பே ஒரு குடும்பமா நின்னு அடி வாங்கியிருக்கு. வாங்குனாங்க, வித்தாங்க, திருப்பி வாங்குனாங்க. என்ன உழைப்பு! நான் உள்ள மாட்டிக்கிட்டு அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு அழுதேன்."

"நானும் கேட்டேன் சார். நீங்க காப்பாத்துங்கன்னு அழுதீங்க."

"உணர்ச்சியில ஆயிரம் சொல்லுவேன். நீங்க உழைக்காம நஷ்டத்துலேர்ந்து தப்பிச்சிருக்கீங்க. உழைக்காம லாபம் சம்பாதிச்சா சூதாட்டம்னு சொல்றோம். உழைக்காம நஷ்டப்படாம இருந்தா அதுக்கு என்ன பேரு?"

லிப்ட்காரருக்குத் தெரியவில்லை. இயக்குநருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பதில் கிடைத்ததுபோல் தலையசைத்தார்.

கணக்கம்மா நேரான பெண்மணி. "அன்னிக்கு ஒரு தடவைகூட நீங்க வாங்கல, விக்கல. ஒவ்வொரு தடவைக்கும் தரகு கம்பெனிலேர்ந்து நமக்கு ஒரு பங்கு வரும் இல்லியா, உங்க பேர்ல அன்னிக்கு ஒரு காசுகூட…"

ஒழுக்க அலுவலர் பலமாக இருமினார்.

"அம்மா என்ன சொல்றாங்கன்னா," என்றார் இயக்குநர், "உங்க முன்னேற்றம் தடைபட்டுப்போச்சுன்னு வருத்தப்படுறாங்க."

இந்த இடத்தில் வேறொருவர் என்றால் கோபப்பட்டிருப்பார். எழுந்து வீட்டுக்குப் போய், கடைக்குரிய பணத்தை எண்ணி மனைவி கையில் கொடுத்திருப்பார். அப்போதும் அது பெரும்பாலும் மிச்சம் இருந்தது. ஆனால் மணியின் வேலை எவ்வளவு கச்சிதமானது என்று முன்பே சொன்னேன். லிப்ட்காரர் தலைகுனிந்து, "தப்புதான் சார்," என்றார். "இனிமே உழைக்கிறேன்."

உழைத்தார். விடிந்ததும் வந்தார். வகுப்புத் தோழர்களோடு ஒரே பெட்டியில் நிற்கக் கூசி, லிப்டில் ஏறாமல் ஏழு மாடியும் படியேறினார். வாங்கினார், விற்றார், வாங்கினார், விற்றார். மதிப்பெண்கள் ஏறின, கணக்கு இறங்கியது. மறைத்துவைத்த பாவத்தைக் கழுவுவதுபோல், ஒவ்வொரு முறை மணியடித்தபோதும் அவருக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. பூகோளத்தின் நாற்காலி ஒருநாள் காலியாயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, "உழைப்பு பத்தல," என்றார்கள்.

மாலைகளில் மனைவியின் கடை இருக்கும் தெருவை விட்டு, சுற்றுவழியில் வீட்டுக்குப் போனார். "எப்படிப் போகுது?" என்று குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து அவள் கேட்பாள். "நல்ல மார்க்கு," என்பார். அது பொய்யில்லை.

ஆண்டின் கடைசி வாரத்தில் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. அன்றே நிலையம் அவருக்குச் சால்வை போர்த்தி, உழைப்புச் செம்மல் என்ற பட்டமும் பயிற்றுநர் பதவியும் கொடுத்தது. இதுதான் அங்கே வழக்கம். நிலையத்தின் பயிற்றுநர்கள் எல்லோருமே இப்படி முழுமையாக உழைத்து முடித்தவர்கள். இயக்குநர் மேடையில் அதைப் பெருமையாகவே சொன்னார். "எங்க வாத்தியாருங்க யாருக்கும் இனிமே சந்தையில ஒரு காசுகூட இல்ல. அதனாலதான் அவங்களால பயமில்லாம சொல்லிக்குடுக்க முடியுது."

*

புதிய பயிற்றுநர் தமக்குத் தெரிந்தவர்களை முதல் வகுப்புக்கு அழைத்துவர வேண்டும். லிப்ட்காரர் யாரையும் அழைக்கவில்லை. அழைக்க நா எழவில்லை. ஆகவே ஒழுக்க அலுவலரே, தணிக்கையின்போது வாங்கிவைத்த லிப்ட்காரர் மனைவியின் எண்ணுக்குப் பேசினார். "உங்க வீட்டுக்காரர் பயிற்சியை வெற்றிகரமா முடிச்சிட்டாரும்மா. முதல் வகுப்பு இலவசம். வந்து பாருங்க, பெருமைப்படுவீங்க."

வகுப்பு நிரம்பியிருந்தது. எல்லோரும் புதியவர்கள். இயக்குநரும் ஒழுக்க அலுவலரும் பின்வரிசையில். லிப்ட்காரர் பலகையில் ஒரு கோடு வரைந்துவிட்டுத் திரும்பினார். சுண்ணக்கட்டி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் அவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். வாயில் குண்டூசி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பாடம் நடத்தினார். இமைக்காதிருப்பது பற்றி, முதுகு பற்றி. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலிடம் சொன்னார். முடிந்ததும் அவள் பள்ளிப் பிள்ளைபோல் கையை உயர்த்தினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

வகுப்பு சிரித்தது.

"அறைக்காரரு சாயங்காலம் வந்து நிப்பாரு. அவருகிட்ட என்ன சார் சொல்லட்டும்? எவ்வளவு சேர்ந்திருக்கு?"

லிப்ட்காரர் பலகையைப் பார்த்தார். சுண்ணக்கட்டியைப் பார்த்தார். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்திலிருந்த சிரிப்பு, நூல் பிரிவதுபோல், ஒரு ஓரத்திலிருந்து பிரிந்துகொண்டே வந்தது.

"பயிற்றுநரோட லாப நஷ்டத்தைக் கேக்கக்கூடாதும்மா," என்றார் ஒழுக்க அலுவலர் பின்னாலிருந்து, அன்பாக. "அது ஒழுக்கக் குறைவு. பரவால்ல, புதுசு. மணியடிச்சிட்டு, 'சந்தை சரி, நான் தவறு'ன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க."

"நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

"அது போகப் போகப் புரியும்."

அவள் கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அவர் வாய் திறந்தது. பின்வரிசையில் இயக்குநர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். வாய் மூடியது.

அவள் எழுந்து மணிக்கு முன்னால் போய் நின்றாள். கயிற்றைக் கையில் எடுத்து, துணியின் தரத்தைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். இழுத்தாள்.

"சந்தை சரி," என்றாள். "நான்தான் தவறு."

புதியவர்களுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று தெரியாது. பயிற்றுநர் தொடங்கினால்தான் அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

லிப்ட்காரர் கைதட்டினார். முதல் தட்டு தனியாகக் கேட்டது. இரண்டாவதில் சிலர் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதில் வகுப்பு முழுவதும்.

அவள் நாற்காலிக்குத் திரும்பவில்லை. அவருடைய மேசைக்கு வந்து, இடுப்புப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து, சுண்ணக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போற வழியில அறைக்காரர்கிட்ட குடுத்துடுங்க," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "எனக்கு அவரைப் பாக்கக் கூச்சமா இருக்கு."

வெளியே போய் லிப்டின் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்து மூடியது.

"தொடருங்க சார்," என்றார் இயக்குநர்.

லிப்ட்காரர் பலகைப் பக்கம் திரும்பி நின்றார். சுவருக்கு அந்தப்புறம் கயிறுகள் ஓடும் மெல்லிய ஓசை. பெட்டி கீழே இறங்க இறங்க, எதிர்எடை மேலே வரும். பெட்டி தரையைத் தொடும் அதே கணத்தில் அது உச்சிக்கு வந்து நிற்கும். அவர் காத்திருந்தார். சிறிது நேரத்தில், பலகைக்கு நேர் பின்னால், அவர் முகத்தின் உயரத்தில், கனமான ஒன்று வந்து நின்றது.